வெறுங்காலால் வெள்ளையரை வியக்க வைத்தவர்!

சென்னையில் இருந்து வடக்கே போகும் ரெயில் பாதை பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திராவுக்குள் நுழைகிறது. அந்தப் பாதையிலேயே போனால், சுமார் 1,660 கிலோ மீட்டர் தூரத்தில் கல்கத்தா வருகிறது. இன்று அதன் பெயர் கொல்கத்தா.

அந்த ஊரில் ஒரு பந்தாட்ட வீரர் இருந்தார். அவர் காலில் பூட்ஸ் கிடையாது. செருப்பும் கிடையாது. துணிக் கட்டு ஒன்றுதான் உண்டு. அந்தக் காலோடு அவர் கப்பல் ஏறி, ஸ்காட்லாந்து நாட்டுக்குப் போனார். அங்கே பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர்களுக்கு நடுவே பந்து ஆடினார். பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

அவர்தான் முகமது சலீம்.

ஐரோப்பாவில் உள்ள ஒரு கால்பந்து கிளப்புக்காக ஆடிய முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய கதை இது.

நவாப் வாழ்ந்த பேட்டை

சலீம் 1904-ம் ஆண்டு பிறந்தார். பிறந்த இடம் கல்கத்தாவில் உள்ள மெட்டியாபுரூஸ்.

இந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அயோத்தி நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தை வெள்ளைக்காரர்கள் 1856-ல் பறித்துக் கொண்டார்கள். ராஜ்யத்தை இழந்த நவாப் கல்கத்தாவுக்கு வந்தார். ஹூக்ளி ஆற்றங்கரையில், மெட்டியாபுரூசில் தங்கினார். 1887-ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவரோடு வந்த தையல்காரர்கள், சமையல்காரர்கள், பாட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கேயே குடி ஏறினார்கள்.

பின்னர் அதன் பக்கத்தில் கப்பல் துறையும், ஆலைகளும் வந்தன. பல ஊர்களில் இருந்து கூலி வேலைக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பீகார், ஒடிசா, வங்காளம் என்று பல மாநிலத்துத் தொழிலாளர்கள் வந்து தங்கி இருக்கிறார்கள் அல்லவா? அதைப்போல மெட்டியாபுரூசும் பல ஊர்க்காரர்கள் கலந்து வாழும் இடமாக ஆகிவிட்டது.

சலீமின் குடும்பம் பணக்காரக் குடும்பம் அல்ல. அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் சாதாரணக் குடும்பம்தான்.

ஏழு வயதில் கேட்ட செய்தி

சலீமுக்கு ஏழு வயது நடந்தபோது, கல்கத்தாவையே குலுக்கிய ஒரு சம்பவம் நடந்தது.

1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி. ஐ.எப்.ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். மறு பக்கம் மோகன் பகான் என்ற வங்காளிக் கோஷ்டி. சிப்பாய்கள் கனத்த பூட்ஸ் போட்டு இருந்தார்கள். வங்காளிகளில் ஒருவர் தவிர, மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள்.

முதல் கோல் போட்டவர்கள் சிப்பாய்கள். ஆனால் கடைசியில் ஜெயித்தது மோகன் பகான்! 2-க்கு 1 என்ற கோல் கணக்கில் வெற்றி.

நாட்டை ஆளுகிறவனை, அவனுடைய ஆட்டத்திலேயே தோற்கடிக்க முடியும் என்று அன்று ஜனங்கள் கண்டு கொண்டார்கள். அந்தச் செய்தி மெட்டியாபுரூஸ் சந்துகளிலும் பரவியது. அதைக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளில் சலீமும் ஒருவர்.

மருந்தா, பந்தா?

சலீம் வளர்ந்ததும் பவ்பஜார் என்ற இடத்தில் மருந்து கலக்கும் வேலைக்குப் படித்தார். கம்பவுண்டர் ஆனால் ஒழுங்காகச் சம்பளம் வரும். குடும்பம் நிமிர்ந்து கொள்ளும்.

ஆனால் சலீமின் மனம் மருந்துப் புட்டியில் இல்லை. மைதானத்தில் இருந்தது.

1926-ம் ஆண்டு, அதே பவ்பஜாரில் இருந்த சித்தரஞ்சன் கால்பந்து கிளப்பில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் கோஷ்டியில் ஆடினார். அதன்பின் ஸ்போர்ட்டிங் யூனியன், ஈஸ்ட் பெங்கால், ஆரியன்ஸ் என்று பல கிளப்புகளில் ஆடிப் பழகினார்.

அந்தக் காலத்தில் கல்கத்தாவில் பந்து ஆடுவது தொழில் அல்ல. ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துப் பிழைத்தார்கள். மாலையில் மைதானத்துக்கு வந்து ஆடினார்கள்.

வலது ஓரத்து வீரர்

சலீம் ஆடிய இடம் வலது ஓரம். கோல் போடப் போகும் முன்வரிசை ஆட்டக்காரர்களில், கோட்டை ஒட்டி ஓடுகிறவர் இவர்.

ஓர ஆட்டக்காரரின் வேலை என்ன? பந்தைக் காலில் வாங்க வேண்டும். தடுக்க வருகிறவனை ஏமாற்ற வேண்டும். கோட்டை ஒட்டியே ஓட வேண்டும். பிறகு பந்தைத் தூக்கி, கோலுக்கு முன்னால் நிற்கும் தன் ஆளுக்குச் சரியாக அனுப்ப வேண்டும். கோல் போட்டவன் பெயர்தான் வெளியே வரும். அனுப்பியவன் பெயர் பல சமயம் வராது.

இந்த வேலையில் சலீம் கெட்டிக்காரர். வெறுங்கால் அவருக்குக் குறையாக இல்லை. அதுவே பலமாக இருந்தது.

அந்தக் காலத்துப் பூட்ஸ் இன்று கடையில் கிடைப்பது போல மெல்லியது அல்ல. கெட்டியான தோலால் செய்தது. முன்பக்கம் கல்லுப் போல இருக்கும். அடியில் குமிழ்கள் அடித்து இருக்கும். ஓங்கி உதைக்க அது நல்லது. ஆனால் பந்தைத் தொட்டுத் தடவி, விரலால் திருப்பி, காலுக்கடியில் உருட்டி விளையாட வெறுங்கால்தான் சவுகரியம். காய்ந்த கெட்டித் தரையில் வெறுங்கால்காரனைப் பிடிப்பது கஷ்டம்.

மழை வந்தால்தான் ஆபத்து. சேற்றில் வெறுங்கால் வழுக்கும். தோல் பந்து நனைந்து கனத்துப் போகும். பூட்ஸ் போட்டவன் மிதித்தால் விரல் நசுங்கும். இதை எல்லாம் தாங்கிக்கொண்டுதான் அந்தத் தலைமுறை வீரர்கள் ஆடினார்கள்.

ஐந்து வருட வெற்றி

1934-ம் ஆண்டு சலீம் மறுபடியும் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு வந்தார். அந்த வருடம்தான் அந்தக் கிளப் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு உயர்ந்து இருந்தது.

கல்கத்தா லீக் 1898-ல் ஆரம்பம் ஆனது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக, வெள்ளைக்காரர்களின் கிளப்புகளும் பட்டாளத்துக் கோஷ்டிகளும்தான் மாறி மாறி அதை ஜெயித்து வந்தன. ஓர் இந்தியக் கிளப் கூட ஜெயித்தது இல்லை.

முகமதன் ஸ்போர்ட்டிங் முதல் பிரிவுக்கு வந்த முதல் வருடமே லீக்கை வென்றது!

அதோடு நிற்கவில்லை. 1934, 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து வருடம் வென்றது. வலது ஓரத்தில் சலீம் ஓடும்போது கூட்டம் எழுந்து நின்றது.

சீனர்களோடு ஓர் ஆட்டம்

1936-ம் ஆண்டு ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. அதற்குப் போகும் வழியில் சீன நாட்டுக் கால்பந்துக் கோஷ்டி இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் இரண்டு ஆட்டங்களுக்கு ஏற்பாடு ஆனது. அவற்றில் ஆடச் சலீமை அழைத்தார்கள்.

முதல் ஆட்டத்தில் சலீம் ஆடினார். நன்றாக ஆடினார். இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் இல்லை. எங்கே போனார்?

இங்கிலாந்தில் வாழ்ந்த அவருடைய உறவினர் ஒருவர் அப்போது கல்கத்தாவுக்கு வந்து இருந்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்தார். இந்த ஆட்டம் ஐரோப்பாவிலும் எடுபடும், ஒரு முறை வந்து முயன்று பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

சலீமுக்கு அப்போது வயது 32. பந்தாட்டக்காரருக்கு அது இளம் வயது அல்ல. இப்போது போகாவிட்டால் எப்போதும் போக முடியாது. சலீம் கப்பல் ஏறிவிட்டார்.

ஏழைகளுக்காகப் பிறந்த கிளப்

லண்டனில் சில நாள் தங்கிய பின்பு, உறவினர் சலீமை ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்கு அழைத்துப் போனார்.

கிளாஸ்கோ, கிளைட் ஆற்றங்கரையில் உள்ள தொழில் நகரம். அந்தக் காலத்தில் உலகத்துக்கே கப்பல் கட்டிக் கொடுத்த ஊர். அங்கே செல்டிக் என்ற பெரிய கால்பந்து கிளப் இருக்கிறது.

அந்தக் கிளப் உண்டான கதை மனதைத் தொடுவது. அயர்லாந்து நாட்டில் இருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஏழைகள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நிறைய இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பசியால் வாடினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் வேண்டும். அதற்காக வால்பிரிட் என்ற கிறிஸ்தவத் துறவி 1887-ம் ஆண்டு இந்தக் கிளப்பை ஆரம்பித்தார். பந்து ஆடி வந்த வசூல், பசித்த பிள்ளைகளின் தட்டுக்குப் போனது.

சலீம் போன சமயத்தில் செல்டிக் ஸ்காட்லாந்தின் சாம்பியனாக இருந்தது. 1935-36 பருவத்தின் லீக்கை வென்று இருந்தது. அதில் ஆடிய ஜிம்மி மெக்ரோரி என்பவர் அந்த ஒரே பருவத்தில் லீக்கில் மட்டும் 50 கோல் போட்டவர்! இப்படிப்பட்டவர்கள் இருக்கும் கிளப்பின் கதவைத்தான் சலீம் தட்டினார்.

சிரித்த மானேஜர்

கிளப்பின் மானேஜர் பெயர் வில்லி மேலி. 1897-ம் ஆண்டில் இருந்து அந்தப் பதவியில் இருந்தவர். எத்தனையோ வீரர்களை உருவாக்கியவர்.

சலீமின் உறவினர் அவரிடம் போனார். இந்தியாவில் இருந்து ஒரு சிறந்த வீரர் வந்து இருக்கிறார், அவரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஒரே ஒரு விஷயம், அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார் என்றும் சொன்னார்.

மேலிக்குச் சிரிப்பு வந்தது. ஸ்காட்லாந்துத் தொழில் வீரர்களோடு வெறுங்காலில் ஆடுவதா? இருந்தாலும் அவர் விரட்டிவிடவில்லை. சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்.

கிளப் அங்கத்தினர்களும் பயிற்சியாளர்களும் சுற்றி நிற்க, சலீம் பந்தைத் தொட்டார். பந்து அவர் சொன்ன பேச்சைக் கேட்டது! மேலி உடனே முடிவு செய்தார். சலீம் செல்டிக்கின் பச்சை வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கொண்டார்.

காலுக்குக் கட்டுப் போட்டவர்

சலீமை இரண்டாம் கோஷ்டியில் சேர்த்தார்கள். பெரிய கிளப்புகளின் இரண்டாம் கோஷ்டிகளும் சிறிய ஊர்க் கிளப்புகளும் மோதும் போட்டிக்கு அலையன்ஸ் லீக் என்று பெயர்.

அந்தச் சமயத்தில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. சலீம் உட்கார்ந்து இருக்கிறார். அவருடைய காலுக்கு ஒரு பெரியவர் துணிக் கட்டுப் போட்டு விடுகிறார். அந்தப் பெரியவர் ஜிம்மி மெக்மெனமி. செல்டிக்கின் பயிற்சியாளர். 1902-ம் ஆண்டு முதல் பல வருடம் அந்தக் கிளப்பின் முன்வரிசையில் ஆடிப் பெரும் புகழ் அடைந்தவர்.

அன்று இந்தியாவை ஆண்டது பிரிட்டன். ஆளும் நாட்டின் புகழ் பெற்ற வீரர், அடிமை நாட்டில் இருந்து வந்தவரின் காலைத் தொட்டுக் கட்டுப் போடுகிறார்! இந்தப் படத்தை அன்று பார்த்த இந்தியர்களுக்கு எப்படி இருந்து இருக்கும்?

7 கோல்! 5 கோல்!

1936-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி, வெள்ளிக்கிழமை. செல்டிக் மைதானத்தில் கேல்ஸ்டன் கிளப்போடு ஆட்டம்.

வலது ஓரத்தில் வெறுங்கால்காரர் ஒருவர் வந்து நின்றதும் கூட்டம் உற்றுப் பார்த்தது. பந்து அவரிடம் வந்தது. அவர் அதைக் கால் விரலில் ஏந்தினார். ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாற்றினார். தடுக்க வந்தவரைச் சுற்றிக் கொண்டு ஓடினார். கோலுக்கு முன்னால் பந்தை அழகாக இறக்கினார்.

செல்டிக் 7-க்கு 1 என்று ஜெயித்தது. அந்த ஏழில் மூன்று கோல் சலீம் எடுத்துக் கொடுத்த பந்தில் வந்தவை. மறுநாள் ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை அவரை இந்தியாவில் இருந்து வந்த செப்பிடு வித்தைக்காரர் என்று புகழ்ந்து எழுதியது.

ஹாமில்டன் கிளப்போடு நடந்த மற்றோர் ஆட்டத்தில் செல்டிக் 5-க்கு 1 என்று வென்றது. அதில் ஒரு பெனால்டி உதை கிடைத்தது. அதை அடித்துக் கோல் ஆக்கியவர் சலீம். கெட்டித் தோல் பந்தை வெறுங்காலால் ஓங்கி உதைத்துப் போட்ட கோல் அது.

வீட்டு நினைவு

சலீம் அங்கேயே இருந்து இருக்கலாம். கிளப்பும் அவரைத் தங்கும்படி கேட்டது. சம்பளம் வாங்கிப் பந்து ஆடும் வாழ்க்கை அவருக்கு முன்னால் திறந்து இருந்தது.

ஆனால் அவருக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. தன் மொழி பேச ஆள் இல்லை. தன் ஊர் இல்லை. தன் மனிதர்கள் இல்லை. வேலைக்காக வெளியூர் போனவர்களுக்கு இந்த வேதனை தெரியும். எவ்வளவு கை தட்டினாலும் அது தீராது. சில மாதத்தில் சலீம் ஊர் திரும்ப முடிவு செய்தார்.

இந்த இடத்தில் அவர் குடும்பத்தில் சொல்லும் ஒரு செய்தி உண்டு. சலீமைத் தங்க வைக்க நினைத்த கிளப், அவருக்காக ஓர் உதவி ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தருவதாகச் சொன்னது. அந்தப் பணம் எனக்கு வேண்டாம், ஆட்டம் பார்க்க வரும் அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து விடுங்கள் என்று சலீம் சொல்லிவிட்டாராம். ஏழைப் பிள்ளைகளின் பசிக்காகப் பிறந்த கிளப்புக்கு, ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் தந்த பரிசு அது.

இரண்டே ஆட்டம்

சலீம் கல்கத்தாவுக்கு வந்தார். மறுபடியும் முகமதன் ஸ்போர்ட்டிங் சட்டையைப் போட்டார். 1937, 1938 ஆகிய இரண்டு லீக் வெற்றிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

வெறுங்கால் ஆட்டம் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இருந்தது. 1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், சுதந்திர இந்தியாவின் கோஷ்டி பிரான்சை எதிர்த்து ஆடியது. நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் நமக்காக ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாகி, 2-க்கு 1 என்று தோற்றோம். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-க்கு 1 என்று தோற்ற பிறகு, பூட்ஸ் போட்டே ஆக வேண்டும் என்று விதி வந்தது. அதோடு வெறுங்கால் ஆட்டம் முடிந்தது.

வெறுங்கால் ஆட்டத்தோடு சலீமின் பெயரும் மெல்ல மறைந்தது. செல்டிக்கின் முதல் கோஷ்டியில் அவர் ஆடியது இல்லை. இரண்டாம் கோஷ்டியில் ஆடிய இரண்டு ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இரண்டு ஆட்டத்தை எத்தனை நாள் நினைவில் வைத்து இருப்பார்கள்?

மகன் எழுதிய கடிதம்

வருடங்கள் ஓடின. சலீம் முதியவர் ஆனார். நோயில் படுத்தார்.

அவருடைய மகனுக்கு ஓர் எண்ணம் வந்தது. அப்பாவை அந்தத் தூர தேசத்தில் யாராவது நினைவு வைத்து இருக்கிறார்களா? அறிந்து கொள்ள வேண்டும். செல்டிக் கிளப்புக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அப்பா நோயாக இருக்கிறார், வைத்தியத்துக்குப் பணம் தேவைப்படுகிறது என்று எழுதினார். பணம் வாங்குவது அவர் நோக்கம் அல்ல. பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

பதில் வந்தது!

கிளப்பில் இருந்து ஒரு கடிதம். அதோடு இங்கிலீஷ் பணம் 100 பவுனுக்கு ஒரு பாங்கி டிராப்ட்.

சலீமை அவர்கள் மறக்கவில்லை. அவருடைய காலுக்குக் கட்டுப் போட்டவரும் இல்லை, அவரைச் சோதித்த மானேஜரும் இல்லை. ஆனாலும் அந்தக் கிளப்பில் அவருடைய பெயர் உயிரோடு இருந்தது.

1980-ம் ஆண்டு சலீம் கல்கத்தாவில் காலமானார்.

இந்தியாவில் இருந்து இன்னொரு முன்வரிசை வீரர் ஐரோப்பாவில் ஒப்பந்தம் பெற்று ஆட, 1999-ம் ஆண்டு வரை காத்து இருக்க வேண்டி வந்தது. அந்த வருடம் சிக்கிம் வீரர் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். சலீம் ஆடி அப்போது 63 வருடம் ஆகி இருந்தது.

அந்த 100 பவுன் டிராப்ட் என்ன ஆனது? அதை மகன் பாங்கியில் கொடுத்துப் பணமாக மாற்றவே இல்லை. மாற்றி இருந்தால் சில நாளில் செலவழிந்து போய் இருக்கும். அப்பாவின் பெயருக்குக் கிடைத்த மரியாதை என்று அதை அப்படியே பத்திரமாக வைத்துக் கொண்டார்.